சட்ட அலுவலகத்தில் ஒரு கோடை: பள்ளி மாணவர்களுக்கான பயிற்சிப் பணி குறித்து ஒரு தந்தையின் மதிப்பீடு

சென்ற கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்பை முடித்திருந்த என் மகள் இங்கே அமெரிக்காவில் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் ஆறு வாரம் பயிற்சிப் பணி செய்தாள். இரண்டு வழக்கறிஞர்கள், அவர்களுக்குச் சட்ட வேலையில் உதவும் ஒரு பாராலீகல், வரவேற்பையும் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் அம்மையார் என்று நான்கு பேர் மட்டுமே உள்ள அலுவலகம் அது. உழைத்த நேரத்துக்கு உரிய கூலியும் ஓவர்டைமும் கிடைக்காத தொழிலாளர்களுக்காக வழக்கு நடத்துவதே அவர்களுடைய முக்கியமான தொழில். வாரத்துக்கு நான்கு நாள், காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை வேலை. அதற்கு முந்தைய கோடையில், ஒரு தனியார் நிறுவனம் கல்லூரி வளாகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய ஒன்பது நாள் சட்ட முகாமுக்கும் பணம் கட்டி அவளை அனுப்பியிருந்தோம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குச் சில செய்திகள் இருக்கின்றன. குறைகளையும் எழுதப் போவதால் இரண்டு இடங்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். என் மகள் அங்கே எந்தெந்த வழக்குகளில் வேலை செய்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முதல் நாள் காலையில் அவளிடம் அவர்கள் கொடுத்த முதல் தாளே ரகசியக் காப்பு உறுதிமொழிதான். கட்சிக்காரரின் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், தொகை, ஊர் எதையும் வீட்டில் கூடச் சொல்லக் கூடாது என்று எழுதி, அவளிடமும் எங்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983-இல் ஏற்றுக்கொண்ட மாதிரி நடத்தை விதிகளில் 1.6-ஆம் விதி கட்சிக்காரரின் தகவலைக் காக்கும் கடமையை வழக்கறிஞர்மேல் சுமத்துகிறது; 5.3-ஆம் விதி, அலுவலகத்தில் வேலை செய்யும் வழக்கறிஞர் அல்லாதவர்களும் அந்தக் கடமைக்கு ஏற்ப நடந்துகொள்வதை உறுதிசெய்யும் பொறுப்பையும் அவர்மேலேயே வைக்கிறது. பதினாறு வயதுப் பெண் பள்ளிப் பேருந்தில் வாய் தவறி ஒரு பெயரைச் சொன்னால், அதற்கு வழக்கறிஞர் பதில் சொல்ல வேண்டி வரும். உறுதிமொழியோடு இன்னொரு தாளும் வந்தது. நாங்கள் இருவரும் எங்கே வேலை செய்கிறோம், நெருங்கிய உறவினர்கள் யாராவது தொழில் நடத்துகிறார்களா என்று கேட்டிருந்தார்கள்; அலுவலகம் வழக்குத் தொடுத்திருக்கும் நிறுவனங்களோடு எங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காக. முகாமில் இப்படி ஒரு தாளும் வரவில்லை. அங்கே காக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லையே.

இதன் விளைவு வீட்டில் விசித்திரமாக இருந்தது. எதையும் ஒளிக்காமல் பேசும் பெண், மாலையில் வந்து "இன்று நல்ல வேலை, ஆனால் சொல்ல முடியாது" என்று நிறுத்திக்கொள்வாள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: வழக்கைச் சொல்லாமல், கற்பனை எண்களை வைத்து வேலையின் முறையை மட்டும் விளக்கத் தொடங்கினாள். ஒருவருக்கு மணிக்கு 20 டாலர் கூலி. வாரத்துக்கு 52 மணி நேரம் உழைக்கிறார். முதலாளி எல்லா மணிக்கும் ஒரே விகிதத்தில் 1,040 டாலர் கொடுக்கிறார். 1938-இன் நியாயமான தொழில் தரச் சட்டப்படி, விதிவிலக்குக்கு உட்படாத தொழிலாளருக்கு 40 மணிக்கு மேற்பட்ட 12 மணிக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அப்படியானால் 1,160 டாலர் வர வேண்டும். வாரத்துக்கு 120 டாலர் குறைகிறது. சாதாரணமாக இரண்டு ஆண்டுக்கும், முதலாளி தெரிந்தே மீறியிருந்தால் மூன்று ஆண்டுக்கும் பின்னோக்கிக் கேட்கலாம். மூன்று ஆண்டு என்றால் 18,720 டாலர். அதே அளவு தொகையை இழப்பீடாகவும் சேர்த்துக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இதை அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு உறையின் பின்புறம் எழுதிக் காட்டியபோது, முகாமின் ஒன்பது நாளில் அவள் கற்றதைவிட இந்த ஒரு கணக்கில் சட்டம் அதிகமாக இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அவளுடைய வேலையில் பெரும்பகுதி இந்தக் கணக்கை மெய்யான தாள்களிலிருந்து எடுப்பதுதான். வேலை நேர அட்டைகள், சம்பளச் சீட்டுகள், கைப்பேசிச் செய்திகளின் படங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தொடர் எண் பதித்திருக்கும். அதை அவர்கள் பேட்ஸ் எண் என்கிறார்கள். வாரம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், கொடுத்த கூலி, அது இருக்கும் பக்கத்தின் பேட்ஸ் எண் என்று அட்டவணை போட வேண்டும். எண் இல்லாத வரி அட்டவணையில் இருக்கவே கூடாது என்பது அந்த அலுவலகத்தின் கட்டளை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எந்த வரியைக் கை காட்டிக் கேட்டாலும், உடனே பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடிய வேண்டும் என்பதுதான் காரணம். கூட்டுவதும் கழிப்பதும் கணினிக்கே தெரியும். மங்கிப்போன அட்டையில் இருப்பது ஒன்றா ஏழா என்று முடிவு செய்வதும், முடிவு செய்ய முடியாவிட்டால் அதை அப்படியே குறித்து வைப்பதும்தான் அவளுக்குப் பழக வேண்டியிருந்தது.

இன்னொரு வேலை, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் தாள்களில் தனிப்பட்ட விவரங்களைக் கறுப்பு மையிட்டு மறைப்பது. கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 5.2-ஆவது விதியின்படி, சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்களும், பிறந்த நாளில் ஆண்டும், சிறுவர்களின் பெயரில் முதலெழுத்துகளும் மட்டுமே வெளியே தெரியலாம். கேட்பதற்கு எளிய வேலை. ஆனால், ஒரு நாள் அவள் மறைத்த ஆவணத்தில் கறுப்புக் கட்டத்துக்கு அடியில் எழுத்துகள் அப்படியே இருந்தன. சுட்டியால் இழுத்து நகலெடுத்தால் எண் முழுவதும் வந்துவிடும். பாராலீகல் அதைத் தாக்கல் செய்யும் முன்பே கண்டுபிடித்து, அவளை உட்கார வைத்து, மறைப்பதற்கும் நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைச் செய்து காட்டினாராம். இதை மட்டும் அவள் எங்களிடம் சொன்னாள்; தன் தவறு ரகசியக் காப்பில் சேராது என்று நினைத்திருப்பாள் போலும்.

அலுவலகத்தின் மிகச் சிறந்த அம்சம் என்று நான் கருதுவது, மூத்த வழக்கறிஞர் அவளுக்கு வாரம் ஒன்றாகக் கொடுத்த எழுத்து வேலை. முடிந்துபோன, யாரும் படிக்கக்கூடிய பழைய தீர்ப்பு ஒன்றைக் கொடுத்து, ஒரே பக்கத்தில் நடந்தவற்றைச் சுருக்கி எழுதச் சொல்வார். பொது ஆவணம் என்பதால் இவை வீட்டுக்கு வந்தன, நானும் படித்தேன். முதலாவது, 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கால்ட் வழக்கு. 1964-இல் அரிசோனா மாநிலத்தில் ஜெரால்ட் கால்ட் என்ற பதினைந்து வயதுச் சிறுவன், பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து ஆபாசமாகப் பேசியதாகப் பிடித்துச் செல்லப்பட்டான். வேலைக்குப் போயிருந்த பெற்றோருக்குத் தகவல் இல்லை. புகார் கொடுத்த பெண் விசாரணைக்கு வரவேயில்லை. பேசியது எதுவும் பதிவாகவில்லை; வழக்கறிஞரும் இல்லை. அவனை இருபத்தொரு வயது வரை அரசுச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். அதே குற்றத்தை வயது வந்த ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. குற்றச்சாட்டை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை, வழக்கறிஞர் உரிமை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, தனக்கு எதிராகத் தானே பேசாமல் இருக்கும் உரிமை ஆகியவை சிறுவர்களுக்கும் உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

தன் வயதுக்கு நெருங்கிய பையனின் கதை என்பதால் மகள் கொதித்துப்போய் எழுதியிருந்தாள். தாள் சிவப்பு மையில் நனைந்து திரும்பியது. 'அநியாயமாக' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் அடித்துவிட்டு, ஓரத்தில் "இதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி, நீ நடந்ததைச் சொல்" என்று எழுதியிருந்தார். 'சில நாட்களுக்குப் பிறகு' என்ற இடத்தில் "எத்தனை?" என்று ஒரே சொல். இரண்டு தண்டனைகளையும் அவள் வெவ்வேறு பத்திகளில் வைத்திருந்ததை, அம்புக்குறி போட்டு அடுத்தடுத்த வரிகளாக்கியிருந்தார். அப்படிச் சேர்த்துப் படித்தபோது, ஒரு பெயரடையும் இல்லாமலே அந்த அநியாயம் முகத்தில் அறைந்தது. பள்ளியில் பத்து ஆண்டுகளாகக் கட்டுரை எழுதுகிற பெண்ணுக்கு, ஒருவர் அரை மணி நேரம் செலவிட்டு ஒரே பக்கத்தைத் திருத்திக் கொடுத்தது இதுவே முதல் முறை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த அலுவலகத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

இதை ஒட்டி வந்த இன்னொரு பயிற்சி, மேற்கோள் சரிபார்ப்பு. வழக்கறிஞரின் மனு வரைவில் காட்டப்பட்ட ஒவ்வொரு தீர்ப்பையும் எடுத்து, அப்படி ஒரு தீர்ப்பு உண்டா, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் சரியா, மேற்கோள் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவைக் கேட்கும் காலத்தில் இது மிகவும் பயனுள்ள பழக்கம். 2023-இல் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்ததை அலுவலகத்தில் எல்லாப் புதியவர்களுக்கும் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள்.

இனி குறைகள். மூன்றாவது வாரம் இரு வழக்கறிஞர்களும் ஒரு விசாரணைக்காக வெளியூர் போய்விட்டார்கள். பாராலீகலும் உடன் சென்றார். நான்கு நாளும் என் மகள் பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். சிறிய அலுவலகத்தில் இது நேரக்கூடியதுதான். ஆனால் விசாரணைத் தேதி மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கும், அந்த வாரத்தை விடுமுறையாகவே விட்டிருக்கலாம். நான்கு முறை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தார்கள். சென்றது இரண்டே முறை. அதில் ஒரு நாள் மூன்று மணி நேரம் காத்திருந்த பின் நான்கு நிமிடத்தில் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அதையும் நான் குறையாகச் சொல்ல நினைத்தேன்; மகள் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கறிஞர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் நேரத்துக்கு வருகிறார்கள், நீதிபதி எதற்கு எரிச்சலடைகிறார் என்பதை அந்த மூன்று மணி நேரத்தில்தான் பார்த்தாளாம். குற்ற வழக்கு விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 1980-இல் ரிச்மண்ட் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. உரிமையியல் வழக்குகளும் பெரும்பாலும் திறந்த மன்றத்தில்தான் நடக்கின்றன. ஆகவே, மீதி இரண்டு நாளை நாங்களே ஈடுகட்டிக்கொண்டோம். பயிற்சிப் பணி கிடைக்காத பிள்ளைகளும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை.

முகம் சுளிக்க வைத்த இன்னொன்று, அட்டவணை வேலையில் அவள் எப்படிச் செய்கிறாள் என்று ஐந்தாவது வாரம் வரை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. எழுத்து வேலைக்குக் கிடைத்த கவனம் அன்றாட வேலைக்குக் கிடைக்கவில்லை. ஒரு வகைப் பிழையை இரண்டாம் வாரத்திலிருந்தே செய்துவந்திருக்கிறாள். ஐந்தாம் வாரம் தெரிந்ததும் பழையவற்றை எல்லாம் மறுபடி திருத்த வேண்டியதாயிற்று.

சம்பள விஷயத்தில் அலுவலகம் நேர்மையாக நடந்துகொண்டது. மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்கில் கொடுத்தார்கள். "கூலி வழக்கு நடத்துகிற அலுவலகம் கூலி கொடுக்காமல் ஆள் வைத்துக்கொள்ள முடியாது" என்று வழக்கறிஞர் சிரித்தபடி சொன்னாலும், அதற்குள் சட்டம் இருந்தது. இலாப நோக்குள்ள நிறுவனம் கூலியில்லாமல் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாமா என்பதற்குத் தொழிலாளர் துறை 2018 முதல் ஏழு அம்சங்களைக் கொண்ட சோதனையைப் பயன்படுத்துகிறது. ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்பதே அதன் மையக் கேள்வி. வழக்கமான ஊழியர் செய்ய வேண்டிய வேலையை ஆறு வாரம் இலவசமாக வாங்கிக்கொள்ளும் 'வாய்ப்பு' அந்தச் சோதனையில் தேறுவது கடினம். பதினாறு வயது நிரம்பியவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டம் வேலை நேர வரம்பு வைக்கவில்லை. 14, 15 வயதினருக்குப் பள்ளி இல்லாத வாரத்தில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி என்று வரம்பு உண்டு. பல மாநிலங்கள் இதற்கு மேலும் கட்டுப்பாடு விதித்து, சிறுவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டும் கேட்கின்றன.

நம்மவர்களில் பலருக்கு உரிய ஓர் எச்சரிக்கையையும் இங்கே சேர்க்க வேண்டும். பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 நிலையில் இருக்கும் பிள்ளைகள் கூலி வாங்கி வேலை செய்ய முடியாது. 2015 முதல் சில எச்-4 வாழ்க்கைத் துணைகளுக்கு வேலை அனுமதி கிடைத்தது. பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. 'கூலி வாங்காவிட்டால் சரி' என்று தனியார் அலுவலகத்தில் ஊழியரின் வேலையைச் செய்வதும் பாதுகாப்பான வழி அல்ல. இலாப நோக்கற்ற அமைப்பில் உண்மையான தன்னார்வப் பணி, அல்லது பார்வையிட்டுக் கற்கும் ஏற்பாடு என்று தேடுவது நல்லது. ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

முகாமைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தடித்த காகிதத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்' என்று கடிதம் வந்தது. அவளுடைய வகுப்பில் இன்னும் ஆறு பேருக்கு அதே கடிதம் வந்திருந்ததைப் பின்னர் அறிந்தோம். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். காலையில் விரிவுரை, மதியம் மாதிரி நீதிமன்றம், மாலையில் சுற்றுலா. கல்லூரி வளாகத்தில் நடந்ததே தவிர, கல்லூரிக்கும் அதற்கும் இடம் வாடகைக்கு விட்டதற்கு மேல் தொடர்பு இல்லை. ஆகவே, சேர்க்கை விண்ணப்பத்தில் அந்தக் கல்லூரியின் பெயரை எழுதலாம் என்ற எங்கள் ஆசையும் வீணாயிற்று. மாதிரி நீதிமன்றம் நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால், உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசிய மாதிரி நீதிமன்றப் போட்டி 1984 முதல் நடந்துவருகிறது. பள்ளியில் அதற்கான அணி இருந்தால், முகாம் ஒன்பது நாளில் கொடுப்பதை அந்த அணி ஓர் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் செலவில்லாமல் கொடுக்கும். எங்கள் மகளின் பள்ளியில் அணி இருந்திருக்கிறது. விசாரிக்காமல் விட்டது எங்கள் தவறு.

இந்த அலுவலகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு: பெரிய நிறுவனங்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. அவை சட்டக் கல்லூரி மாணவர்களையே எடுக்கின்றன. நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு, அந்நகர வழக்கறிஞர் சங்கம் அரசுப் பள்ளி மாணவர்களைக் கோடையில் சட்ட அலுவலகங்களில் அமர்த்தும் திட்டம் ஒன்றை, உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலின் பெயரில் நடத்துகிறது. மற்றவர்கள் தங்கள் மாவட்ட வழக்கறிஞர் சங்கத்திடம் கேட்கலாம். சிறார் குற்றங்களைப் பள்ளி மாணவர்களே நடுவர்களாக இருந்து விசாரிக்கும் இளையோர் நீதிமன்றம் பல ஊர்களில் உண்டு. அதில் தொண்டாற்றியதை என் மகள் கடிதத்தில் எழுதியிருந்ததுதான் தங்கள் கண்ணில் பட்டது என்று வழக்கறிஞர் பின்னர் சொன்னார். ஜனவரியில் தொடங்கி ஒன்றரை மாதத்தில் பத்தொன்பது சிறிய அலுவலகங்களுக்கு எழுதினாள். மூன்று பதில்கள், இரண்டு நேர்காணல்கள், ஓர் இடம். மே மாதத்தில் தொடங்கியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

கடைசி நாள் அச்சிட்ட சான்றிதழ் ஒன்றும், இரண்டு வரிப் பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார்கள். கடிதம் இன்னும் சற்று விரிவாக இருந்திருக்கலாம். ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுப்பேன். மூன்றாவது வாரத்துக்காகவும் நீதிமன்ற நாட்களுக்காகவும் ஒன்றைக் கழிக்கிறேன். முகாமுக்கு ஒன்றரை.

அக்டோபரில் ஒரு நாள் ஆர்வம் தாங்காமல், கூட்டாட்சி நீதிமன்ற ஆவணங்களைப் படிக்க உதவும் பேஸர் தளத்தில் என் பெயரில் கணக்குத் திறந்தேன். பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணம்; மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் அதுவும் இல்லை. அந்த அலுவலகத்தின் வழக்குகளைத் தேடியபோது, ஒன்றில் வார வாரியாகப் போட்ட நீண்ட அட்டவணை ஒன்று இணைப்பாக இருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பேட்ஸ் எண். மகளை அழைத்துத் திரையைக் காட்டி, "இது நீ செய்ததா?" என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் படித்தாள். "கூட்டல் சரியாக இருக்கிறது, அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.